தேவஇரக்கம் கடையில் என்ன கேட்பது

ராஜபாளையம்
செவ்வாய்க்கிழமை

அன்புத் தம்பி சுபேதார் பாண்டிச்செல்வத்துக்கு உன் அக்கா ஆனந்தவல்லி எழுதுவது. பனிமலையில் காவல் நிற்கிற உன்னை அய்யனார் காவல் காக்கட்டும். காதை மூடிக்கொண்டு இரு. இங்கே தோப்பு சுகம், மாடு சுகம், பக்கத்து வீட்டு நாய் எல்லாரையும் விடச் சுகம். நானும் இருக்கிறேன். உன் அத்தான் போட்டோவுக்கு அந்தியில் விளக்கு வைத்துக்கொண்டு இருக்கிறேன். போனில் சொல்லலாம் என்றால் உனக்கு எப்போதாவதுதான் சிக்னல் கிடைக்கிறது. கிடைத்தாலும் நீ ‘அக்கா’ என்பாய், நான் அழ ஆரம்பிப்பேன், அதற்குள் கட்டாகிவிடும். ஐந்தாம் வகுப்போடு நின்றவள் எழுதுகிறேன், பிழை இருந்தால் நீயே திருத்தி வாசித்துக்கொள்.

முதலில் முடிவைச் சொல்லிவிடுகிறேன். என் துக்கம் கழிக்க நீ ஏற்பாடு செய்த கறிச்சோறு நடக்கவில்லை. போனோம், உட்கார்ந்தோம், அழுதோம், வந்துவிட்டோம். அதனால் மாரிக்கனி கல்யாணத்தில் முகூர்த்தச் சேலைத் தட்டை நான் எடுக்க முடியாது. வேறு யாரையாவது பார்த்துக்கொள். உன் மகளை இடுப்பில் வைத்து வளர்த்தவள்தான் நான், இருந்தாலும் பரவாயில்லை, பின்வரிசையில் ஃபேனுக்குக் கீழே உட்கார்ந்து பார்த்துக்கொள்கிறேன். நீ போனில், ‘கல்யாணத்துக்குப் பட்டாளத்துச் சேக்காளிகளைக் கூட்டி வாரேன், தேவஇரக்கம் கடையில என்ன ஆர்டர் பண்ணினா நல்லாருக்கும்னு சாப்பிட்டுப் பாத்துச் சொல்லு’ என்று கேட்டிருந்தாய். அதற்கும் பதில் இதிலேயே எழுதுகிறேன். அந்தக் கடையில் ஒன்றும் ஆர்டர் பண்ணாதே. அது நமக்குச் சரிப்பட்டு வராது.

நடந்தது இதுதான். உன் அத்தான் போய் ஏழெட்டு மாசம் ஆகியும் நான் கவிச்சி தொடாமல் இருப்பது உனக்குத் தெரியும். உன் அத்தானுக்கு அக்காள் சண்முகத்தாய் மதினி இருக்கிறாளே, அவள் ஒரே பிடியாகச் சொல்லிவிட்டாள். “ஏட்டி, பொறந்த வீட்டுக்காரன் எதிர்ல நின்னு ‘அக்கா, என்ன வேணும்’னு கேக்கணும். நீ ஒன் வாயால கேட்டு வாங்கித் திங்கணும். கறியோ மீனோ, கவிச்சியா இருக்கணும். அப்பத்தான் துக்கம் கழியும். கழியாம சேலைத் தட்டுல கைய வச்சே, நான் மண்டபத்துலயே எந்திரிச்சுப் போயிருவேன்.” உனக்கு லீவு கிடைக்கவில்லை. உன்னோடு ஒரே பெஞ்சில் படித்த தேவஇரக்கத்திடம் நீ போனில், ‘உன் கடையில் வைத்து, என் இடத்தில் நின்று கேளுடா’ என்று சொல்லிவிட்டாய். மதினியும் அதற்குத் தலையாட்டிவிட்டாள். தேவஇரக்கம் வேறு சாமி கும்பிடுகிறவன் ஆயிற்றே என்று நான் கேட்டதற்கு, “கேக்கதுக்கு வாயி இருந்தா போதும்” என்றாள். இதுவரைக்கும் எல்லாம் ஒழுங்காகத்தான் போனது.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் ஸ்ரீவில்லிபுத்தூருக்கு பஸ் ஏறினோம். கடை மதுரை ரோட்டில் ஒரு டயர் கடைக்கும் கண்ணாடிக் கடைக்கும் நடுவில் இருக்கிறது. போர்டில் ‘சுரிநாம் சைனா உணவகம்’ என்று எழுதி ஒரு கப்பல் படம் போட்டிருக்கிறான். இவன் ஹாலந்துக்குக் கப்பலில் போய், அங்கே சுரிநாம் நாட்டுச் சீனாக்காரர் கடையில் பல வருசம் அடுப்படியில் நின்றவன் அல்லவா. சுரிநாம் எங்கே இருக்கிறது என்று மதினி கேட்டாள். அது அமெரிக்காவுக்குக் கீழே இருக்கிறதாம். அந்தக் காலத்தில் கரும்புத் தோட்டத்து வேலைக்கு நம் நாட்டு வடக்கத்தி ஆட்களையும் ஜாவாக்காரர்களையும் சீனாக்காரர்களையும் கப்பலில் கொண்டுபோய் இறக்கிவிட்டார்களாம். எல்லாரும் பக்கத்துப் பக்கத்து வீடாக இருந்து ஒருத்தர் குழம்பை ஒருத்தர் எட்டிப் பார்த்து இப்படி ஒரு சமையல் உண்டாகிவிட்டதாம். மதினி, “அப்ப நம்ம தெரு மாதிரின்னு சொல்லு” என்றாள். விலையைக் குறை சொல்ல முடியாது. கோர்ட்டுக்கு வருகிறவர்களும் டயர் கடைக்காரர்களும் சாப்பிடுகிற விலைதான்.

உட்கார்ந்ததும் கையில் ஒரு அட்டையைக் கொடுத்தார்கள். தம்பி, உனக்கு ஒரு விசயம் சொல்கிறேன், நீ சிரிக்காதே. எனக்குக் கல்யாணமாகி இத்தனை வருசத்தில் ஒரு ஹோட்டலில் கூட நான் இன்னது வேண்டும் என்று சொன்னது கிடையாது. உன் அத்தானோடு மதுரை போனாலும் தென்காசி போனாலும் அவிய உட்கார்ந்த உடனே, “ரெண்டு பேருக்கும் புரோட்டா, சால்னா தண்ணியா” என்பாக. எனக்குப் புரோட்டா பிடிக்காது. பல்லில் ஒட்டும். சர்வர் என்னைப் பார்த்தால் நான் அவியளைப் பார்ப்பேன். அவிய, “அவளுக்கும் அதேதான்” என்பாக. நல்ல மனுசன், பில்லைப் பார்த்து ஒரு நாளும் முகம் சுளித்தது இல்லை. ஆனால் கேட்டதும் இல்லை. அப்படி இருந்தவள் கையில் முன்பக்கமும் பின்பக்கமும் எழுதின அட்டையைக் கொடுத்தால் என்ன செய்வேன்? மதினியிடம் கொடுத்தேன். அவள் அதை வாங்கி விசிறிக்கொண்டாள்.

தேவஇரக்கமே வெளியே வந்து ஒவ்வொன்றாகச் சொன்னான். நாசி என்றால் சோற்றை வறுத்தது, பாமி என்றால் நூடுல்ஸ், மோக்சி மேட்டி என்றால் நாலு வகைக் கறியை வறுத்துச் சோற்றின் மேல் அடுக்கியது, ரொட்டி என்றால் கோழிக்குழம்பும் உருளைக்கிழங்கும் நீளப் பயத்தங்காயும் வைத்தது. ஒவ்வொன்றுக்கும் அவன் என்னைத்தான் பார்த்தான், மதினிதான் பதில் சொன்னாள். “அது அவளுக்குச் சேராது. அது அவ திங்க மாட்டா. அது சூடு.” கடைசியில், “தெலோன்னு ஒண்ணு இருக்குக்கா, மரவள்ளிக் கிழங்க அவிச்சுப் பொரிச்சு, கூட கருவாட்ட வெங்காயம் போட்டு வதக்கித் தருவோம்” என்றான். தம்பி, என் காது நிமிர்ந்துவிட்டது. நாம் ரெண்டு பேரும் கருவாட்டுச் சட்டியைக் கடைசியாக வழிக்கிறது யார் என்று அடித்துக்கொண்டது உனக்கு மறந்திருக்காது. நான் வாயைத் திறப்பதற்குள் மதினி, “கருவாட்டுப் பேச்ச இங்க எடுக்காத. என் தம்பிக்கு அந்த வாடையே ஆகாது. அவன் தட்டுக்கிட்ட அது வரப்படாது” என்று சொல்லிவிட்டாள். அதுவும் உண்மைதான். அவியளுக்காக இத்தனை வருசம் நம் வீட்டுக்குள் ஒரு துண்டுக் கருவாடு வந்தது இல்லை.

அவன் தட்டு என்று மதினி எதைச் சொன்னாள் என்றால், கறிச்சோறு தொடங்கும் முன் போனவருக்கு முதல் தட்டு வைக்க வேண்டும் அல்லவா, அதைத்தான். வீட்டில் என்றால் இலை போட்டு வைப்போம். கடையில் எங்கே வைப்பது? எனக்கு எதிர் நாற்காலியை மதினி முந்தானையால் தட்டிவிட்டு, “இதுல என் தம்பி உக்காருவான்” என்றாள். புரோட்டா அந்தக் கடையில் கிடையாது. அதற்குக் கிட்டத்தில் இருப்பது ரொட்டிதான் என்று ஒரு ரொட்டியும் கோழிக்குழம்பும் சொன்னோம். தேவஇரக்கம் விசயம் தெரிந்தவன், தலையைக் குனிந்துகொண்டு உள்ளே போனான். ஆனால் தட்டைக் கொண்டு வந்தது அவன் இல்லை. அவன் சம்சாரம் தங்கபாய். அவளிடம் அவன் ஒன்றும் சொல்லியிருக்கவில்லை. இதுதான் எல்லாவற்றுக்கும் காரணம்.

தங்கபாய் தட்டை வைத்துவிட்டு நாற்காலியைப் பார்த்தாள். “அண்ணன் வண்டிய நிறுத்திட்டு வாராகளாக்கா?” என்று கேட்டாள். படைத்த சோற்றுக்கு முன்னால் ‘அவன் இல்லை’ என்று சொல்லக் கூடாது என்பது மதினி கட்டின சட்டம். அதனால் மதினி, “வருவான்” என்று சொல்லிவிட்டாள். தங்கபாய் போய்விட்டாள். செத்த நேரம் கழித்துத் திரும்ப வந்து, “ஐயோ, ஆறிப்போச்சே” என்று தட்டைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனாள். படைத்ததைத் தூக்கலாமா? மதினி எழுந்திரிக்கவும் முடியாமல் உட்காரவும் முடியாமல் பாதியில் நின்றாள். தங்கபாய் ஆவி பறக்கத் திரும்பக் கொண்டுவந்து, மேலே இன்னொரு தட்டைக் கவிழ்த்து மூடி வைத்தாள். மதினி மெதுவாக என் காதில், “போகுது, அவனுக்கு எப்பமும் சூடாத்தான் வேணும்” என்றாள்.

காத்திருக்கிற நேரத்துக்கு என்று தங்கபாய் பாரா என்று ஒன்றும் பக்கபானா என்று ஒன்றும் கொண்டுவந்தாள். பாரா என்றால் என்ன தெரியுமா? உளுந்த வடை. பக்கபானா என்றால் வாழைப்பழ பஜ்ஜி, கடலைச் சட்னியோடு. மதினி வடையைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, “இத இங்கேருந்து கப்பல்ல ஏத்திக் கொண்டுபோயி, அங்கே ஒரு பேர வச்சு, திரும்பக் கப்பல்ல கொண்டாந்து நம்மகிட்டயே விக்கான். ஒன் தம்பி சேக்காளி லேசுப்பட்டவன் இல்ல” என்று சொல்லிக்கொண்டே தட்டைக் காலி பண்ணினாள். பக்கத்துக் கிண்ணத்தில் மஞ்சளாக, பார்க்க லட்சணமாக ஒரு மிளகாய் இருந்தது. அதற்கு மதாம் ஜானெட் என்று பேராம். அவன் பின்னால் தொட்டியில் வளர்க்கிறானாம். நானும் மிளகாய் தின்னுகிறவள்தான் என்று மதினி அதைக் கடித்தாள். அதன் பிறகு ரெண்டு செம்புத் தண்ணீரும் ஒரு கிண்ணம் சீனியும் போனது. கண்ணைத் துடைத்துக்கொண்டு, “அந்தம்மா யாரா வேணாலும் இருக்கட்டும், நல்ல குடும்பத்துப் பொம்பள இல்ல” என்றாள்.

மதினி கண்ணில் தண்ணீரைப் பார்த்த தங்கபாய் வேறு கணக்குப் போட்டுவிட்டாள். என் பக்கத்தில் வந்து குனிந்து, “சண்டையாக்கா?” என்றாள். நான் என்ன சொல்ல? மதினி சட்டப்படி அவிய இல்லை என்று சொல்ல முடியாது. அவள் இன்னொரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டாள்.

“எங்க வீட்லயும் இப்படித்தான்க்கா. கோவம் வந்தா ஒரு வார்த்த சொல்லாம எந்திரிச்சுப் போயிருவாக. அண்ணனும் சொல்லாமத்தான் போனாகளா?”

“சொல்லாமக் கொள்ளாமத்தான் போனாக” என்றேன்.

“போன் போட்டுப் பாத்தியளா?”

“போன வீட்ல வச்சிட்டுப் போயிட்டாக.”

அது பொய் இல்லை தம்பி, பீரோவில்தான் இருக்கிறது.

“என்ன ஆம்பளைக்கா இது? பொம்பளைய இப்படித் தனியா உக்கார வச்சிட்டுப் போவாகளா? வரட்டும், நான் கேக்கேன்.”

அப்போது எனக்கு என்ன ஆனது என்று தெரியவில்லை. வாய் தானாகத் திறந்துகொண்டது. “கேளு தங்கபாய், நல்லாக் கேளு. தோப்பு மோட்டாருக்கு எது சுவிட்சுன்னுகூடச் சொல்லாம போனாக. நான் எல்லாத்தையும் தட்டித் தட்டிப் பாத்து, பக்கத்துத் தோப்பு லைட்ட அணைச்சு ஏச்சு வாங்கினேன். மாத்திரையத் தின்னுங்கன்னா, தின்னுட்டேன்னு தலைகாணிக்கு அடியில வச்சாக. பொறவுதான் எடுத்துப் பாத்தேன், அம்புட்டும் அங்கன கெடக்கு. இத்தன வருசத்துல ஒனக்கு என்ன வேணும்னு ஒரு தடவ, ஒரே ஒரு தடவ கேட்டிருக்காகளான்னு கேளு.”

“கேக்கேன்க்கா. வாசல்ல வச்சே கேக்கேன்” என்று தங்கபாய் கையை ஓங்கினாள்.

தம்பி, இத்தனை மாசமாக வருகிறவர்கள் போகிறவர்கள் எல்லாம் அவியளைத் தெய்வம் என்றே பேசிவிட்டுப் போனார்கள். நானும் ஆமாம் ஆமாம் என்று விளக்கு வைத்தேன். தெய்வத்தை ஏச முடியுமா? அன்றைக்குத்தான் அவிய என் புருசனாக எதிரே வந்து உட்கார்ந்த மாதிரி இருந்தது. நெஞ்சில் இருந்த கல் கொஞ்சம் நகர்ந்தது. மதினியும், “சின்னதுல இருந்தே அவன் அப்படித்தான், எங்க போறோம்னு சொல்ல மாட்டான்” என்று சேர்ந்துகொண்டாள்.

அந்த நேரம் பார்த்து தேவஇரக்கம் அடுப்படியிலிருந்து வந்துவிட்டான். சம்சாரம் கை ஓங்கி உட்கார்ந்திருப்பதைப் பார்த்து, “என்ன தங்கம்?” என்றான். அவள், “இவுக வீட்டு அண்ணன இன்னும் காணோம், வரட்டும்னு இருக்கேன்” என்றாள். அவன் அவள் காதில் சொன்னான். அவள் மூடி வைத்த தட்டைப் பார்த்தாள், நாற்காலியைப் பார்த்தாள், “நான் சூடு பண்ணினேனே” என்றாள். அவ்வளவுதான். அழுத அழுகை, உன் அத்தான் போன அன்றைக்கு நம் சொந்தத்தில்கூட யாரும் அப்படி அழவில்லை. “ஆண்டவரே, செத்த மனுசன ஏசிட்டேனே” என்று என் மடியில் விழுந்துவிட்டாள். நான் அவளைத் தேற்ற, மதினி என்னைத் தேற்ற, பில் கொடுக்க வந்த வக்கீல் ஒருத்தர் யார் இறந்தது என்று கேட்டுத் தேவஇரக்கத்தின் கையைப் பிடித்துத் துக்கம் விசாரித்துவிட்டுப் போனார்.

எல்லாம் அடங்கின பிறகு மதினி, “நேரமாகுது, கேளுப்பா” என்றாள். தேவஇரக்கம் கையைத் துடைத்துக்கொண்டு என் முன்னால் வந்து நின்றான். கண்ணை மூடிச் சின்னதாக ஒரு ஜெபம் பண்ணினான். அவன் ஆமென் என்றதும் மதினியும் ஆமென் என்றாள். பிறகு, “பாண்டி எடத்துல நின்னு கேக்கேன். அக்கா, ஒங்களுக்கு என்ன வேணும்?” என்றான். கடையே என் வாயைப் பார்த்தது. எனக்கு எதிர் நாற்காலிதான் தெரிந்தது. நான் வாயைத் திறந்தேன். வந்தது என்ன தெரியுமா?

“ரெண்டு பேருக்கும் சேத்து நீங்களே சொல்லிருங்க.”

மதினி நெற்றியில் அடித்துக்கொண்டாள். “வாயால கேக்கலியே. செல்லாது” என்று தீர்ப்புச் சொல்லிவிட்டாள். இன்னொரு தடவை கேட்கட்டுமா என்று தேவஇரக்கம் கெஞ்சினான். “கேட்டது கேட்டாச்சு. இது என்ன ஏலமா, மூணு தரம் கேக்கதுக்கு?” என்றாள். நான் தின்ற ஒரு வடையோடு எழுந்துகொண்டேன். படைத்ததை விட்டுவிட்டுப் போகக் கூடாது என்று உன் அத்தான் தட்டை மதினிதான் உட்கார்ந்து தின்று முடித்தாள். பயத்தங்காயை மட்டும் ரெண்டாம் தடவை கேட்டு வாங்கினாள். பஸ்ஸில் வரும்போது நான் அழுதேன், அவள் ஏப்பம் விட்டாள்.

ஆகையால் தம்பி, இந்த வயசுக்கு மேல் எனக்கு எதையும் கேட்டு வாங்க வராது. சேலைத் தட்டை மாரிக்கனியின் பெரியம்மாவே எடுக்கட்டும். பிள்ளையிடம் நீயே பக்குவமாகச் சொல்லு, நான் சொன்னால் அழும். உன் பட்டாளத்து ஆட்களை அந்தக் கடைப் பக்கம் விடாதே, பால்கோவா வாங்கிக் கொடுத்து அனுப்பிவிடு. உனக்கு வேலையில் குறைவில்லாமல், குளிர் காய்ச்சல் வராமல், மேலதிகாரி நல்ல மனசோடு லீவில் கையெழுத்துப் போட வேண்டும் என்று ஆண்டாள் தாயாரை வேண்டிக்கொள்கிறேன். சண்முகத்தாய் மதினி உன்னைக் கேட்டதாகச் சொன்னாள். மிளகாய் கடித்த நாக்கு இன்னும் சரியாகவில்லையாம்.

இப்படிக்கு,
உன் அக்கா
பா. ஆனந்தவல்லி

பின் குறிப்பு: இது புதன்கிழமை எழுதுவது. கவரில் உன் பட்டாளத்து விலாசத்தை இங்கிலீசில் எழுத நமக்கு யார் இருக்கிறார்கள்? அதனால் லெட்டரைப் பையில் வைத்துக்கொண்டு காலையில் தேவஇரக்கத்திடம் போனேன். கடை அப்போதுதான் திறந்திருந்தது, ஆள் ஒருத்தரும் இல்லை. உட்கார்ந்தேன். எதிர் நாற்காலியில் பையை வைத்தேன். அடுப்படிக்குள் வெங்காயம் அரிந்துகொண்டு இருந்த தேவஇரக்கம் யார் வந்தது என்று பார்க்காமலே, “என்ன வேணும்?” என்று உள்ளிருந்து கத்தினான். நான், “மரவள்ளிக் கிழங்கும் கருவாடும் கொண்டா. கருவாடு கூடப் போடு. அந்த மதாம் ஜானெட்ல பாதி நறுக்கிப் போடு. ரொட்டி வேண்டாம்” என்றேன். சொன்ன பிறகுதான் எனக்கே தெரிந்தது. உள்ளே அரிவாள்மணைச் சத்தம் நின்றுவிட்டது. அவன் வெளியே வந்து பார்த்தான், தங்கபாய் எட்டிப் பார்த்தாள். அவள் தட்டைக் கொண்டுவந்து வைத்துவிட்டு ஓடியே போய்விட்டாள். கருவாடு கடல் மீன் கருவாடு, முள் இல்லாமல் பஞ்சு மாதிரி இருந்தது. கிழங்கு வெளியே மொறுமொறு, உள்ளே மாவு. தம்பி, நான் தட்டை வழித்தேன். அவியளுக்கு வாடை வந்திருக்கும். ஒரு நாள் பொறுத்துக்கொள்ளட்டும்.

செல்லுமா செல்லாதா என்று தேவஇரக்கம் போனிலேயே மதினியைக் கூப்பிட்டுக் கேட்டேன். “என் எதிர்ல நடக்கலியே” என்று இழுத்தாள். பொறவு, “கருவாடா? அது எப்படி இருந்துச்சு?” என்றாள். சொன்னேன். “எனக்கு ஒரு பார்சல் கட்டிட்டு வா” என்றாள். துக்கம் கழியாதவள் கையிலிருந்து மதினி பச்சைத் தண்ணீர்கூட வாங்கிக் குடிக்க மாட்டாள் என்பது ஊருக்கே தெரியும். அதனால் செல்லும்.

மேலே எழுதினது எல்லாவற்றையும் அடித்துவிட்டதாக வைத்துக்கொள். வேறு தாளில் எழுதச் சோம்பலாக இருக்கிறது. சேலைத் தட்டை நான்தான் எடுப்பேன், பெரியம்மாவிடம் வாயைத் திறந்துவிடாதே. உன் ஆட்களைக் கூட்டிக்கொண்டு நேராக அந்தக் கடைக்கு வா. வந்து அட்டையை வாங்காதே, பேசாமல் உட்கார். உங்கள் எல்லாருக்கும் என்ன வேண்டும் என்று நான் சொல்கிறேன்.